ஒன்று நின்றால் எதெல்லாம் நிற்கும்? பிணைந்த கட்டமைப்புகள் மீதான தாக்குதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு, ரயில், எரிபொருள். நமக்கு இவை ஐந்து துறைகள், ஐந்து அலுவலகங்கள். இவற்றில் ஒன்றை யாராவது திட்டமிட்டு அடித்தால் மற்ற நான்கும் என்ன ஆகும், அதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம். கட்டடங்களிலும் மருத்துவமனைகளிலும் மின்சார ஆய்வு செய்வது என் வேலை. போகிற இடங்களில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உதாரணத்துக்கு அடிக்கடி உக்ரைனுக்குப் போவேன். கணினி வழியாகவும் ஏவுகணை வழியாகவும் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கி, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்ற மின்கட்டமைப்பு அது.

பிணைந்த கட்டமைப்பு என்றால் என்ன?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்கள் அடுக்ககத்தில் கரண்ட் போனது. கீழே சம்ப்பில் தண்ணீர் நிறைய இருந்தது. மேலே குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் தீர்ந்துபோனது. பங்க்கில் டீசல் இருந்தது, வாங்கக் கையில் பணம் இல்லை. பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கார்டு தேய்க்கலாம் என்றால் மெஷினுக்கு சிக்னல் இல்லை. டவரின் பேட்டரி முதல் நாளே இறங்கியிருந்தது. ஆக, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்த கட்டடத்தில் ஒரு வங்கிக் கட்டமைப்பும் ஒரு செல்போன் டவரும் சேர்ந்து எங்களைக் குடத்தோடு தெருவில் நிறுத்தின.

இப்படி ஒன்றின் காலில் இன்னொன்று நிற்பதுதான் பிணைப்பு. இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை நான்காகப் பிரிப்பார்கள். ஒரு பொருள் இன்னொன்றுக்குத் தேவைப்படுவது (பம்ப்புக்கு மின்சாரம்) ஒன்று. தகவல் தேவைப்படுவது (துணைமின் நிலையத்துக்குக் கன்ட்ரோல் ரூமின் கட்டளை) இன்னொன்று. ஒரே இடத்தில் கிடப்பது மூன்றாவது: ஒரே பாலத்தின் மீது தண்ணீர்க் குழாயும் ஃபைபரும் மின்கேபிளும் போகும். நான்காவது மனிதர்களின் முடிவு, விதி, பணம் வழியாக வருவது. எங்கள் டீசல் கதையில் கையில் பணம் இல்லாமல் அடைத்தது இந்த நான்காவது வகைதான். பட்டியல்களில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

புயலுக்கும் பழுதுக்கும் ஏற்கெனவே திட்டம் இருக்கிறதே, தாக்குதலுக்கு ஏன் தனி மதிப்பீடு?

புயல் ஆயிரம் கம்பங்களைச் சாய்க்கும். ஆனால் எந்தக் கம்பம் முக்கியம் என்று அதற்குத் தெரியாது. தாக்குபவர் தேர்ந்தெடுப்பார். பல ஊர்களை இணைக்கும் ஒரு சில பெரிய முனைகளை மட்டும் அடிப்பார். தற்செயலாகப் பல இடங்களில் பழுதானாலும் தாங்கி நிற்கும் வலைப்பின்னல், தேர்ந்தெடுத்த சில முனைகளை எடுத்தால் துண்டு துண்டாகிவிடும். கணிதத்தில் 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே அருகே மெட்கால்ஃப் துணைமின் நிலையத்தில் 2013 ஏப்ரல் 16 அதிகாலையில் நடந்ததைப் பாருங்கள். முதலில் நிலத்தடிப் பெட்டகங்களில் இருந்த தொலைபேசி ஃபைபர் கேபிள்களை வெட்டினார்கள். அப்புறம்தான் துப்பாக்கியை எடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. 17 டிரான்ஸ்ஃபார்மர்களில் எண்ணெய் ஒழுகி, சூடேறி, செயலிழந்தன. எந்தக் குண்டும் பெரிய வெடிப்பை உண்டாக்கவில்லை. குளிர்விக்கும் எண்ணெய் வடிந்ததே போதுமானதாக இருந்தது. மின்சாரத்தை வேறு வழியாகத் திருப்பியதால் ஊர் இருளவில்லை, ஆனால் நிலையம் மீண்டும் இயங்க 27 நாட்கள் ஆயின. கேபிளை முதலில் வெட்டிய அந்த வரிசையைக் கவனியுங்கள். தொலைத்தொடர்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள பிணைப்பு அடித்தவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. புயலுக்கு ‘ஐம்பது ஆண்டில் ஒரு முறை’ என்று பழைய பதிவுகளிலிருந்து கணக்குப் போடலாம். தாக்குபவர் நாம் எதைக் காக்கிறோம் என்று பார்த்துவிட்டுக் காக்காததற்குப் போவார். இதுவரை நடக்கவில்லை என்பதால் வாய்ப்புக் குறைவு என்று அறிக்கையில் எழுதுவது தவறு. அந்த வரியை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுகிறேன்.

2015இல் உக்ரைனில் உண்மையில் என்ன நடந்தது?

2015 டிசம்பர் 23, மதியம் மூன்றரை மணி சுமார். மேற்கு உக்ரைனின் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் பகுதி மின்விநியோக நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூம். ஒரு ஊழியர் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் தொடாமலேயே திரையில் மவுஸ் அம்பு நகர்ந்தது. பிரேக்கர்களை (பெரிய சுவிட்சுகள்; திறந்தால் கரண்ட் நிற்கும், மூடினால் வரும்) திறக்கும் பொத்தானுக்குப் போய் அழுத்தியது, ‘உறுதியா?’ என்ற பெட்டிக்கும் பதில் சொன்னது. ஒரு துணைமின் நிலையம் அணைந்தது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கணினி அவரை வெளியேற்றியது. திரும்ப உள்ளே போக முயன்றால் கடவுச்சொல் மாறியிருந்தது. அடுத்த நிலையம், அதற்கடுத்தது என்று அணைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

அதே நேரத்தில் மூன்று விநியோக நிறுவனங்களில் இது நடந்தது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. பின்னர் தெரிந்தது: அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே, மின்னஞ்சலில் வந்த ஒரு ஆவணத்தை யாரோ திறந்ததில் தாக்கியவர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அரை ஆண்டுக்கு மேல் சத்தம் காட்டாமல் இருந்து, ஊழியர்களின் கடவுச்சொற்களைச் சேகரித்து, கன்ட்ரோல் ரூம் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் படித்திருக்கிறார்கள்.

பிரேக்கரைத் திறந்தது பாதி வேலைதான். மீதி எல்லாம் மீளவிடாமல் செய்வதற்கு. கன்ட்ரோல் ரூமின் யுபிஎஸ்களையும் அணைத்தார்கள்; விளக்கேற்ற வேண்டியவர்களே இருட்டில் நின்றார்கள். கன்ட்ரோல் ரூமுக்கும் துணைமின் நிலையத்துக்கும் இடையே செய்தியை மாற்றித் தரும் சின்னப் பெட்டிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள். கணினிகளைத் துடைத்தார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போலி அழைப்புகளைக் குவித்தார்கள். எந்தத் தெருவில் கரண்ட் இல்லை என்று மக்கள் சொல்லும் வழியும் அடைபட்டது. மின்சாரம், கணினி, தொலைபேசி என்று மூன்று கட்டமைப்புகளும் ஒரே மாலையில் ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பப்பட்டன.

அப்படியிருந்தும் ஆறு மணி நேரத்துக்குள் கரண்ட் வந்ததே, எப்படி?

ஆட்கள் வண்டியில் ஏறிப் போனார்கள். ஒவ்வொரு துணைமின் நிலையத்துக்கும் போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மீண்டுவிட்டது. அந்தக் கட்டமைப்பு பழையது. கையால் இயக்கும் பழக்கம் ஊழியர்களுக்கு விட்டுப்போகவில்லை. ஆனால் கன்ட்ரோல் ரூம்கள் முழுமையாகத் திரும்பப் பல வாரங்கள் ஆயின, அதுவரை கைவேலைதான்.

இந்தப் பதில் எனக்கு மிக முக்கியமானது. மதிப்பீட்டுப் படிவங்களில் சுவர், கேமரா, ஃபயர்வால் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். ‘கணினி இல்லாமல் இதை இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் வீடு எவ்வளவு தூரம்’ என்று கேட்கும் கட்டத்தை அரிதாகத்தான் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற லைன்மேனோடு சேர்ந்து போய்விடும் அறிவு அது.

ஓராண்டு கழித்து, 2016 டிசம்பர் 17 அன்று, கீவ் நகருக்கு மின்சாரம் தரும் ஒரு பெரிய துணைமின் நிலையத்தைத் தானாக இயங்கும் தீய மென்பொருளால் அணைத்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் மீட்டுவிட்டார்கள். அப்போதும் கைதான் காப்பாற்றியது.

2022 முதல் ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தபோது பிணைப்புகள் எப்படி வெளிப்பட்டன?

தண்ணீரில் முதலில் தெரிந்தது. 2022 அக்டோபர் 31 அன்று கீவுக்கு மின்சாரம் தரும் அமைப்பு அடிபட்டதும் நகரத்தில் 80 சதவீத வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர்க் குழாயை யாரும் தொடவில்லை. மக்கள் பாட்டில்களோடு அடிபம்புகளில் வரிசையில் நின்றார்கள்.

நவம்பர் 23 இன்னும் கடுமை. தாக்குதலில் கட்டமைப்பின் அதிர்வெண் (மாறுமின்சாரம் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற எண்) விழுந்தது. உடனே ரிவ்னே, தெற்கு உக்ரைன், க்மெல்னிட்ஸ்கி ஆகிய மூன்று அணுமின் நிலையங்களும் பாதுகாப்புக்காகத் தாமே துண்டித்துக்கொண்டன. மின்சாரம் தருபவை என்று நாம் நினைக்கும் அணு உலைகள், வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும் இடங்களும்கூட. உலையை அணைத்தாலும் குளிர்விக்கும் பம்ப் ஓட வேண்டும். பக்கத்து நாடான மால்டோவாவிலும் அன்று பாதிக்கு மேல் இருண்டது. தாக்கப்பட்டது அந்த நாடு இல்லை, கம்பிதான் இணைந்திருந்தது.

அடுத்த பிணைப்பு எஃகிலும் செம்பிலும் இருந்தது. உக்ரைனின் உயர் மின்னழுத்த வலை 750, 330 கிலோவோல்ட் என்ற சோவியத் கால அளவுகளில் கட்டப்பட்டது. மேற்கு ஐரோப்பாவில் 400 கிலோவோல்ட். எரிந்துபோன 330 டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று வேண்டுமென்றால், அதே அளவு புழங்கிய லிதுவேனியா போன்ற பால்டிக் நாடுகளிடம் கேட்க வேண்டியிருந்தது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 200 டன்னுக்கு மேல் எடை வரும், கடையில் வாங்கும் பொருள் இல்லை. சொல்லிச் செய்ய ஓராண்டுக்கு மேல் ஆகும். கொண்டுவரத் தனி ரயில் பெட்டி வேண்டும், பாலங்கள் தாங்க வேண்டும். ஆக மின்சாரம் மீள்வது ரயில்வேயைச் சார்ந்தது, ரயில்வே மின்சாரத்தைச் சார்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் உக்ரைன் அரசு ‘தளராமை மையங்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஆயிரக்கணக்கான இடங்களைத் திறந்தது. பள்ளிகளிலும் கூடாரங்களிலும் ஒரு ஜெனரேட்டர், அடுப்பு, குடிநீர், இணையம், போன் சார்ஜ் செய்ய ஒரு நீளமான பிளக் பலகை. எளிமையான ஏற்பாடுதான். ஆனால் வெப்பம், தண்ணீர், தொடர்பு, மின்சாரம் என்று எல்லாப் பிணைப்புகளும் அறுந்தாலும் ஒருவருக்குத் தேவையானதை ஒரே அறையில் மீண்டும் கட்டிய திட்டம் அது. மதிப்பீடு செய்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும்.

அப்படியானால் இணைக்காமல் தனித்தனியாக இருப்பது நல்லதா?

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் இந்தியாவின் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்தபோது 60 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழும் பகுதி இருண்டது. தமிழ்நாடு தப்பியது. அப்போது தென்னகத் தொகுப்பு மற்றவற்றோடு நேர்மின் (டிசி) இணைப்புகள் வழியாக மட்டுமே தொடர்பு வைத்திருந்தது. வடக்கின் அதிர்வெண் ஆட்டம் இங்கே வரவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் ஒரே தொகுப்பில் சேர்ந்தோம்.

சேர்ந்தது தவறில்லை. உக்ரைனைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24 அதிகாலையில், ஒரு சோதனைக்காக ரஷ்ய, பெலாரஸ் வலையிலிருந்து பிரிந்தது. சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கியது. தனித் தீவாகவே ஓடி, மார்ச் 16 அன்று ஐரோப்பிய வலையோடு இணைந்தது. அதற்குப் பிறகு உள்ளே நிலையங்கள் அடிபட்டபோதெல்லாம் வெளியிலிருந்து மின்சாரம் வாங்க முடிந்தது அந்த இணைப்பால்தான். இணைப்பு உதவியும் கொண்டுவரும், சரிவும் கொண்டுவரும். தேவைப்படும்போது வெட்டிக்கொண்டு தனியாக ஓட முடியுமா, அதைச் சமீபத்தில் செய்து பார்த்தீர்களா என்று கேட்பதில்தான் மதிப்பீடு இருக்கிறது.

எங்களிடம் இரண்டு வழி இருக்கிறது. அது போதாதா?

ஒரு மருத்துவமனையில் இதையே சொன்னார்கள். இரண்டு துணைமின் நிலையங்களிலிருந்து இரண்டு ஃபீடர் (மின்சாரம் கொண்டுவரும் லைன்). வரைபடத்தில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, அழகாகப் பிரிந்திருந்தன. வெளியே வந்து கேட்டருகே இருந்த மூடியைத் தூக்கிப் பார்த்தோம். கடைசி முப்பது மீட்டர் இரண்டு கேபிள்களும் ஒரே குழியில், தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தன. வரைந்தவருக்குத் தெரியாது, தோண்டியவருக்குத் தெரியும். யாரும் தோண்டியவரைக் கேட்கவில்லை.

தூரமாக வைத்தாலும் போதாது என்பதை ஜெர்மனி பார்த்தது. 2022 அக்டோபர் 8 அன்று ரயில்வேயின் வானொலித் தொடர்புக் கேபிள் ஹெர்னே நகரில் ஒன்றும், நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி பெர்லினில் ஒன்றும் வெட்டப்பட்டன. ஒன்று போனால் தாங்கும் ஏற்பாடு இருந்தது. இரண்டும் போனதும் வட ஜெர்மனி முழுக்க ரயில்கள் சுமார் மூன்று மணி நேரம் நின்றன. தண்டவாளமும் மின்கம்பியும் நன்றாகவே இருந்தன. ஓட்டுநரோடு பேச முடியாததால் ஓட்ட முடியவில்லை.

சரி, மதிப்பீட்டை எப்படித்தான் செய்வது?

சொத்துப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். சேவையின் கடைசியில் இருக்கும் மனிதரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடங்கள். ஒரு டயாலிசிஸ் நோயாளியை எடுத்துக்கொள்வோம். நான்கு மணி நேரச் சிகிச்சைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அது ஆர்ஓ பிளான்ட்டிலிருந்து வருகிறது. பிளான்ட்டுக்குத் தண்ணீரும் கரண்டும். தண்ணீர் சம்ப்பிலிருந்து, சம்ப்புக்குக் குடிநீர் வாரியக் குழாயிலிருந்தோ லாரியிலிருந்தோ. வாரியத்தின் நீரேற்று நிலையத்துக்கு ஒரு ஃபீடர். கரண்ட் போனால் ஜெனரேட்டர், அதற்கு டீசல், டீசலுக்கு பங்க், பங்க்கின் பம்ப்புக்கும் கரண்ட்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே நேரங்களை எழுதுங்கள். ஒன்று, வருவது நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும். இரண்டு, போனது திரும்ப எவ்வளவு நேரம் ஆகும். சம்ப் பத்து மணி நேரம் தாங்கும். லாரி வர நான்கு மணி நேரம். பரவாயில்லை. டவர் பேட்டரி சில மணி நேரம். எரிந்த டிரான்ஸ்ஃபார்மர் மாதக்கணக்கு. தாங்கும் நேரம் மீளும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கும் கண்ணிதான் பலவீனம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு பேரை எதிரெதிரே உட்காரச் செய்வேன். ஒருவர் அடிப்பவர், அவருக்கு இரண்டு அடிதான். எங்கே அடித்தால் அதிகமானவர்களுக்கு அதிக நேரம் சேவை நிற்கும் என்று அவர் தேட வேண்டும். அடுத்தவர் காப்பவர், சொற்பப் பட்ஜெட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்வார். காவல் போட்டபின் அடிப்பவர் மறுபடி தேர்ந்தெடுப்பார். முதல் சுற்றில் எல்லோரும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டுவார்கள். மூன்றாவது சுற்றுக்கு வரும்போது பேச்சு டீசல் ஒப்பந்தத்துக்கும், இரண்டு மாற்று வழிகளும் சேரும் குழிக்கும், வெளியிலிருந்து பராமரிக்கும் கம்பெனியின் லாகினுக்கும் வந்துவிடும்.

பெரிய வலைகளுக்கு இதையே கணினியில் செய்கிறார்கள். பொறியாளர்கள் வழக்கமாக ‘எந்த ஒன்று போனாலும் தாங்க வேண்டும்’ என்ற விதியை வைத்து வடிவமைப்பார்கள். அந்த விதி பழுதுக்குச் சரி. தேர்ந்தெடுத்து இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் அடித்தால் என்ன என்பதை மாதிரி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஆனால் மாதிரிக்குள் அந்த முப்பது மீட்டர் குழியை யாராவது எழுதியிருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கணினிகளை இணையத்திலிருந்து பிரித்துவிட்டால் பிரச்சினை தீராதா?

பிரிப்பது அவசியம், உதவும். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீய மென்பொருள் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலை தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது.

ஆனால் நாமே நினைக்காத வழிகளிலும் கட்டுப்பாடு வெளியே போகிறது. 2022 பிப்ரவரி 24 அன்று ஒரு செயற்கைக்கோள் இணைய சேவையின் மோடங்கள் உக்ரைனைக் குறிவைத்து அழிக்கப்பட்டன. ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் சேர்ந்து அறுந்தது. காற்றாலைகள் தாமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, தூரத்திலிருந்து பார்க்கவோ நிறுத்தவோ முடியவில்லை. உங்கள் விற்பனையாளர் எந்த இணைப்பு வழியாக உள்ளே வருகிறார் என்று கேளுங்கள்.

இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசுவது தாக்குபவருக்கு உதவாதா?

முறையைப் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஓர் ஊரின் குறிப்பிட்ட பலவீனப் பட்டியலைப் பேசக்கூடாது. நிரப்பிய தாளைப் பூட்டி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

ஒரு சிறிய மருத்துவமனையோ நகராட்சியோ எங்கே தொடங்குவது?

ஜெனரேட்டரிலிருந்து. வாரம் ஒரு முறை பத்து நிமிடம் சும்மா ஓட்டிவிட்டு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி, மாற்று ஏற்பாட்டோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கிவிட்டு முழு லோடில் ஆறு மணி நேரம் ஓட்டுங்கள். டீசல் எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதுங்கள். அப்புறம் டீசல் தருபவருக்கு போன் செய்து, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் முதலில் யாருக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் இதே கேள்வியை இன்னும் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு ‘உங்களுக்குத்தான்’ என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதையும் கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள்.